பொன்னுசாமி அண்ணன் தானே போன ஊர்வலம்

1

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொன்னுசாமி அண்ணன் நலமாக இருக்கிறார். சென்ற ஆவணியில் அவர் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்து துக்கம் விசாரித்தவர்கள் பலர். வருடம் ஒன்று ஆகப்போகிறது. நேற்றுகூடக் குமாரபாளையத்திலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரர் கூப்பிட்டு, வருசத் திதி எந்த நாளில் வருகிறது என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, எதற்கும் தேதி முடிவானதும் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். வேலை ஒரு பெரிய சரக்குக் கிடங்கில். அங்கே ஆள் இல்லாத வண்டிகள் தரையில் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே பெட்டிகளைச் சுமந்து தாமாகப் போய்வரும். கோடு கண்ணில் படாவிட்டால் அப்படியே நின்றுவிடும். நின்றதைப் போய்க் கிளப்பிவிடுவது என் வேலை. ஊரில் கேட்பவர்களிடம் ரோபோ துறை என்று சொல்லிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை எங்கள் தபால் பெட்டியில் பளபளப்பான விளம்பரத் தாள் ஒன்று கிடந்தது. பூந்தோட்டத்தின் நடுவே நரைத்த தலையோடு ஒரு தம்பதி சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சுற்றுலா என்று நினைத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். சில நாள் கழித்து என் மகள் நிலா அதைப் படித்துவிட்டு, இது சவ அடக்கம் செய்கிற கம்பெனியின் விளம்பரம் அப்பா என்றாள். உங்கள் கடைசிப் பயணத்தை நீங்களே திட்டமிடுங்கள், யாருக்கும் சுமையாக இருக்காதீர்கள் என்று போட்டிருந்தது. பெட்டிக்கு என்ன மரம், என்ன நிறத்தில் பூ, என்ன இசை என்பதை எல்லாம் உயிரோடு இருக்கும்போதே முடிவுசெய்து பதிந்துகொள்ளலாம். இந்த மாதமே பதிந்தால் தள்ளுபடி உண்டு.

இந்த இடத்தில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட வேலை செய்யும் ஜெர்மன்காரர்களிடம் நம் ஊரைப் பற்றிப் பெருமை பேசுவேன். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம், ஊரே வந்து நிற்கும் என்பேன். ஊரோடு பேசும்போது ஜெர்மனியைப் பற்றிப் பெருமை பேசுவேன். இங்கே யாரும் யாரையும் எதிர்பார்ப்பதில்லை, எல்லாம் அவரவர் கையில் என்பேன். இரண்டு பக்கத்திலும் எனக்கு மரியாதை கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் பெரியப்பா மகன் பொன்னுசாமி அண்ணனிடம் போனில் பேசும்போது இந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். தள்ளுபடியை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் தாளில் இருந்ததை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"இதுதான் தம்பி மனுசனுக்கு அழகு. செத்த பொறவும் ஒருத்தன் தயவு இல்லாம போறது."

2

அண்ணன் பிறக்கும்போதே இப்படி இல்லை. நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகும் வழியில் எங்கள் ஊர். அவருடைய கரும்புக் காட்டுக்கு அடுத்த காடு ராசப்பனுடையது. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகப் பள்ளியை விட்டு நின்றவர்கள். வரப்போரம் அண்ணனுடைய தென்னை மரம் ஒன்று ராசப்பன் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தது. காய் யார் காட்டில் விழுகிறதோ அவருக்குத்தான் சொந்தம் என்றார் ராசப்பன். மரத்தின் வேர் யார் காட்டில் இருக்கிறது என்று கேட்டார் அண்ணன். மரம் இரண்டையும் காதில் வாங்காமல் காய்த்துக்கொண்டிருந்தது. பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அதன் பிறகு அண்ணன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அதே நாளில் ராசப்பன் வகையறாவில் பெரிய கல்யாணம் ஒன்று. ஊர் மொத்தமும் அங்கே போய்விட்டது. இங்கே அண்டா அண்டாவாகச் சோறும் பாயசமும் மிஞ்சி நின்றன. கடைசியில் டெம்போ வைத்துக் கோழிப் பண்ணைக்கு ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். அந்த வாரம் பண்ணை முட்டை லேசாக இனித்ததாகப் பண்ணைக்காரர் சொன்னார் என்று நங்கை என்னிடம் சிரிக்காமல் சொன்னார்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு யாரும் தேவைப்படவில்லை. கூரையில் சோலார் தகடு போட்டார். மாவு அரைக்கச் சொந்த இயந்திரம் வாங்கினார். தலைமுடியையும் கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போவதில்லை. நாம் போனால் அவர்கள் திரும்பி வர வேண்டியிருக்கும், அது அவர்களுக்குச் சிரமம் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

நாளடைவில் இது ஒரு கொள்கையாகிவிட்டது. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஆண்டு விழா என்றால் தற்சார்பு பற்றிப் பேச அண்ணனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் சோற்றை நானே பொங்கிக்கொள்கிறேன், என் துணியை நானே துவைத்துக்கொள்கிறேன் என்று அவர் மேடையில் சொல்லும்போது நன்றாகக் கை தட்டுவார்கள். நங்கை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். நடுவே அவர் தொண்டையை நனைத்துக்கொள்ளச் சுக்குத் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க் மடியில் இருக்கும். சோறு பொங்குவதும், துணி துவைப்பதும், அண்ணன் கைக்கு எட்டாத பின்னந்தலையைக் கத்தரித்துச் சரிசெய்வதும் நங்கைதான்.

இது உங்களுக்கு வருத்தமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "உங்கண்ணன் என்னைய வேத்தாளா நெனைக்கறதில்லீங்க தம்பி. அது பாசமா, இல்ல மறந்துபோச்சான்னுதான் இன்னும் தெரியல" என்றார்.

3

இங்கே நாங்கள் வீடு மாறியபோது நகராட்சி அலுவலகத்தில் முகவரியை மாற்றிப் பதிய வேண்டியிருந்தது. ஜெர்மன் மொழியில் வீடு மாறிவிட்டேன் என்பதற்கும் காலமாகிவிட்டேன் என்பதற்கும் உள்ள சொற்கள், அவசரத்தில் பேசுகிறவனுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. நான் கவுண்டரில் இருந்த அம்மாளிடம் வணக்கம் சொல்லி, போன மாதம் காலமாகிவிட்டேன், பதிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இறப்புப் பதிவு மேல்மாடியில், மருத்துவர் சான்றோடு நெருங்கிய உறவினர் யாராவது வர வேண்டும், நீங்களே வர முடியாது என்றார். நான் மேல்மாடிக்குப் போய் வரிசையில் நின்ற பிறகுதான் தவறு புரிந்தது. எனக்கு மொழி தகராறு என்பதைவிட, அந்த அம்மாளுக்கு என்னைப் பார்த்து ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதுதான் கொஞ்ச நாள் மனதில் உறுத்தியது.

நிலா இந்தக் கதையைத் தன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் வெல்டிங் பொறி பறந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நின்றுகொண்டிருந்தார். போனைத் திருப்பிக் காட்டினார். கட்டில் நீளத்துக்கு ஒரு வண்டி. நான்கு சக்கரம், அடியில் பேட்டரி, மேலே மெத்தை, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி.

இதுதான் தன் கடைசி வண்டி என்றார். பாடை கட்ட ஆள் வேண்டாம், தூக்க ஆள் வேண்டாம். வீட்டு வாசலில் இருந்து சுடுகாடு வரை தானே போய்ச் சேரும். உன் கிடங்கில் ஓடுகிற வண்டி மாதிரிக் கோட்டைப் பார்த்து ஓட வேண்டும், அந்த நுணுக்கம் மட்டும் நீ வந்து செய்து கொடு என்றார்.

நிலாவுக்குத் தமிழ் புரியும். பேசும்போது மட்டும் சொற்களைக் கிடைத்த இடத்தில் எடுத்து வைப்பாள். அவள் எட்டிப் பார்த்து, "பெரியப்பா, நல்லா இருக்கு. நீங்க எப்ப சாகுறீங்க? எனக்கு ஆகஸ்ட்ல தான் லீவு" என்றாள்.

நான் போனைப் பிடுங்குவதற்குள் அண்ணன் மகிழ்ந்துபோய்விட்டார். "ஆவணில சோதனை ஓட்டம் வெச்சுக்கலாம் சாமி. நீ வா" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வேலையைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

4

என் மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் நிலாவும் போனோம். பட்டறை மேஸ்திரி குழப்பத்தில் இருந்தார். அவர் வாழ்நாளில் கேபின் இல்லாத வண்டி கட்டியதில்லை. டிரைவர் சீட் எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறார், அது வேண்டாம் என்றிருக்கிறார் அண்ணன். சரி, என்ன லோடு ஏற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, "லோடு நாந்தான்" என்று பதில் வந்திருக்கிறது. பெயின்டர் கை பழக்கத்தில் வண்டியின் பின்புறம் பூப்போட்ட கட்டத்துக்குள் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதிவிட்டிருந்தார். கண் படாமல் இருக்க முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

போகும் வழியில் உருண்டு விழாமல் இருக்க மெத்தையின் குறுக்கே இரண்டு சீட் பெல்ட். நிறுத்துவதற்குப் பட்டன் இல்லை. நான் அதைக் கேட்டபோது, செத்தவன் எதற்கு நடுவழியில் நிற்கப் போகிறான் என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். மேளத்துக்கு ஆள் வேண்டாமே. அதனால் ஒலிபெருக்கி. பக்கத்து ஊரில் யாரோ ஒருவருடைய இறுதி ஊர்வலத்தில் அடித்த பறையை அண்ணன் தூரத்தில் நின்று போனில் பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவின் நடுவே யாரோ ஒருவர், டேய் டீ ஆறுது வாங்கடா என்று கூப்பிடுவதும் சேர்ந்து பதிந்திருந்தது. அதை வெட்டி எடுக்க அண்ணனுக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை கோடு. வீட்டு வாசலில் தொடங்கி, தெரு வழியாக, மளிகைக் கடை தாண்டி, மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்து சுடுகாட்டு வாசல் வரை வெள்ளைப் பெயின்டில் அண்ணன் தானே கோடு இழுத்திருந்தார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நங்கை கூடவே போயிருக்கிறார். ஊர்க்காரர்கள் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தெருவில் எல்லோரும் அந்தக் கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்கள். பால்காரர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தானும் தாண்டினார். ராசப்பன் வீடு தெருவில் எதிர்ச் சாரியில் இருந்ததால் அவர் கடைக்குப் போகவும் வரவும் தாண்ட வேண்டியிருந்தது. அண்ணன் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் வண்டியின் அடியில் கேமராவைப் பொருத்தி, கோட்டைப் படிக்க வைத்தேன். வண்டி வாசலில் இருந்து மளிகைக் கடை வரை அழகாகப் போய்வந்தது. அண்ணன் முகத்தில் அப்படியொரு நிறைவு. அப்போது நங்கை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாஞ் செரிங்க. பட்டன ஆரு அமுத்துவாங்க?"

வண்டி கிளம்ப ஒரு பட்டன் இருந்தது. அதை உயிரோடு இருக்கும் ஒருவர்தான் அழுத்த வேண்டும். அண்ணன் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

5

மறுநாள் காலையில் தீர்வோடு எழுந்தார். கொரோனா காலத்தில் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்த, விரலைக் கவ்வி நாடித் துடிப்பைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று அவர் வீட்டிலும் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். இது என் விரலில் இருக்கட்டும், துடிப்பு நின்றால் வண்டி தானாகக் கிளம்பட்டும் என்றார்.

இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது, எனக்கு அது ஒரு நல்ல தொழில்நுட்பச் சவாலாகத்தான் பட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து இணைத்துவிட்டேன். பேட்டரி வயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, நான் இல்லாமல் இதைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். அவர் யாரையும் எதிர்பார்க்காதவர் என்பது அந்த நேரம் என் நினைவில் இல்லை.

அன்று மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தேன். நிலா பக்கத்தில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் வேப்பமரத்து நிழலில் நின்ற வண்டியில் வயரைத் தானே மாட்டி, ஏறிப் படுத்து, பெல்ட் போட்டு, கருவியை விரலில் கவ்வவிட்டு, படுக்கை சுகமாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். சுகமாக இருந்திருக்கிறது. தூங்கிவிட்டார். வியர்த்த விரலில் இருந்து கருவி வழுக்கி விழுந்தது. துடிப்பு இல்லை என்று வண்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு பறையைப் போட்டுக்கொண்டு கிளம்பியது. தடை வேண்டாம் என்று வாசல் கேட்டையும் அண்ணன் சில நாளாகத் திறந்தே வைத்திருந்தார்.

பறைச் சத்தம் கேட்டு நான் எழுந்து வெளியே வந்தபோது வாசலில் வண்டியில்லை. தெருக் கோடியில் அது திரும்பிக்கொண்டிருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். பொன்னுசாமி போய்விட்டான் என்று யாரோ சொல்ல, பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஊர் பின்னால் நடக்க ஆரம்பித்தது. வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில் போனதால் ஊர்வலத்துக்கு வசதியாகவே இருந்தது.

நானும் நிலாவும் ஓடினோம். எனக்குப் பெரிய பயம் இல்லை. சுடுகாட்டு வாசலில் கோடு முடிகிறது, அங்கே நின்றுவிடும் என்று தெரியும். ஆனால் மெயின் ரோட்டில் அந்த வாரம்தான் ஓரக் கோடு புதிதாக அடித்திருந்தார்கள். அண்ணன் கையால் இழுத்த கோட்டைவிட அது நேராகவும் வெள்ளையாகவும் இருந்தது. வண்டி சந்திப்பில் ஒரு கணம் தயங்கியது. பிறகு சுடுகாட்டை விட்டுவிட்டு இடது பக்கம் திரும்பி, மோகனூர் ரோட்டில் போக ஆரம்பித்தது.

6

அதற்குப் பிறகு அதைப் பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு மாதிரிச் சொல்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். முட்டை ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து, ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒலி எழுப்பிவிட்டு, பிறகு என்ன வண்டி என்று புரிந்து மரியாதையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் கரும்பு டிராக்டர்கள். அதற்குப் பின்னால் ஒரு பஸ். எதிரே வந்தவர்கள் பைக்கை ஓரம் கட்டிச் செருப்பைக் கழற்றினார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் பூக்கடையில் இருந்து ஓடிவந்து ஒரு மாலையைப் போட்டுவிட்டுப் போனார். ஒலிபெருக்கி நடுநடுவே டீ ஆறுது வாங்கடா என்றது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டத்தின் முன்னால், வண்டியின் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ராசப்பன் நடந்தார். அவர் அழுதார். மனிதர் வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதார். ஏன்டா இப்படிச் சொல்லாமப் போனே என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு தென்னை மரத்துக்காகப் பேசாமல் இருந்துவிட்டோமே என்றார். அந்த மரத்தில் இருந்து விழுந்த காயை ஒன்றுகூடத் தின்னவில்லை, எல்லாம் கொட்டகையில் கிடக்கிறது என்றும் சொன்னார்.

நிலா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பெரியப்பா செத்துட்டாரான்னு தெரியலை, ஆனா போய்ட்டு இருக்கார் என்றாள். எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மோகனூருக்கு என்றாள். நோயாளியை அசைக்காமல் வையுங்கள் என்று சொன்னார்களாம். அவர் நிக்க மாட்டேங்கறாரே என்று பதில் சொல்லிவிட்டு அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போது மாலைக்கு அடியில் இருந்து அண்ணனுடைய கால் பெருவிரல் ஆடியதை அவள்தான் முதலில் பார்த்தாள்.

அண்ணன் அதற்கு முன்பே விழித்துவிட்டிருந்தார். பிறகு ஒருநாள் நான் கேட்டேன், விழித்த உடனே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. ராசப்பன் அவ்வளவு உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதையாக இருக்காது என்று தோன்றியதாம். எல்லோரும் வீடு திரும்பிய பிறகு எழுந்துகொள்ளலாம் என்று கண்ணை மூடிப் படுத்திருந்தாராம்.

அதற்கு வழியில்லை. கொஞ்ச தூரத்தில் வாய்க்கால் பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாகனங்கள் போக மண் பாதை பக்கத்தில் திரும்பியது. ஆனால் சாலையின் வெள்ளைக் கோடு திரும்பவில்லை. அது நேராகப் போய்ப் பள்ளத்தின் விளிம்பில் முடிந்தது. கீழே கம்பியும் கல்லும். வண்டி கோட்டைத்தான் பார்க்கும்.

கேமராவும் பேட்டரி வயரும் வண்டிக்கு அடியில் இருந்தன, ஓடும்போது கை எட்டாது. நான் முன்னால் ஓடிக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். லாரி பாடி கட்டும் இடத்தில் செய்த வண்டி அது, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. நாலைந்து பேர் பிடித்தும் சக்கரம் வழுக்கிக்கொண்டே முன்னால் போனது. பெல்ட் பூட்டு மாலை நாரில் சிக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் இப்போது கண்ணைத் திறந்துவிட்டார். கூட்டத்தில் ஒரு பகுதி பின்வாங்கி ஓடியது.

கோட்டை மறையுங்கள் என்று கத்தினேன். வண்டிக்குக் கோடு தெரியக் கூடாது. யாரோ துண்டைப் போட்டார்கள், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. என்ன ஏது என்று கேட்காமல் ராசப்பன் வண்டிக்கு முன்னால் பாய்ந்து, இடுப்பு வேட்டியை அவிழ்த்து, அந்த வெள்ளைக் கோட்டின் மேல் விரித்து, அது பறக்காமல் இருக்க அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். நல்ல வேளையாக அவர் அன்று உடுத்தியிருந்தது காவி வேட்டி. வண்டி அவர் தலைக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பறையும் நின்றது.

ராசப்பன் எழுந்தார். கோடு போட்ட அண்டிராயரோடு, நெஞ்செல்லாம் தார்ப் புழுதியோடு, வண்டியின் மேல் குனிந்து பெல்ட் பூட்டைப் பல்லால் கடித்துத் திறந்தார். இருவர் முகமும் அவ்வளவு கிட்டத்தில் இருந்தன.

"சாகலையா?" என்று கேட்டார் ராசப்பன்.

"இல்ல" என்றார் அண்ணன்.

"செரி" என்றார் ராசப்பன்.

லாரிக்காரர் ஒலி எழுப்பினார். ராசப்பன் தன் வேட்டியைத் தேடினார். அதன் மேல் வண்டியின் முன் சக்கரம் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் இறங்கி, வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தானே குனிந்து வேட்டியை உருவினார். உதறி, மண்ணைத் தட்டி, சின்னப் பையனுக்குக் கட்டிவிடுவது போல ராசப்பன் இடுப்பில் கட்டிவிட்டார். ராசப்பன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் நங்கை வந்து சேர்ந்தார். அவர் அழவில்லை, ஓடியும் வரவில்லை. வாசலில் அந்த விரல் கருவி கீழே கிடந்ததைப் பார்த்த உடனே இன்னது என்று புரிந்துவிட்டதாம். கையில் அண்ணனுடைய செருப்பு இருந்தது.

"தாரு சுடும். போட்டுக்கங்க" என்றார்.

7

எல்லோரும் நடந்தே திரும்பினோம். ஊர் எல்லையில் ஒரு சிக்கல் வந்தது. இறுதி ஊர்வலத்தில் போனவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாது. ஆனால் இது இறுதி ஊர்வலமா இல்லையா? பெரியவர்கள் ஆலமரத்தடியில் நின்று வாதம் செய்தார்கள். மேளம் அடித்தது, மாலை விழுந்தது, ஊர் பின்னால் நடந்தது, ஆகவே குளிக்கத்தான் வேண்டும் என்று ஒரு கட்சி. இறந்தவரே கூட நடந்து வருகிறார், ஆகவே வேண்டாம் என்று இன்னொரு கட்சி. இறந்தவரிடமே கேட்டார்கள். வெயிலுக்குக் குளித்தால் நல்லதுதான் என்றார் அண்ணன். அவர் வீட்டு மோட்டாரைப் போட்டு, தொட்டியடியில் ஊர் ஆண்கள் வரிசையாகக் குளித்தார்கள். புது வீட்டு வாசலில் அத்தனை பேர் நின்றது அதுதான் முதல் தடவை. அண்ணன் தண்ணீர் வீணாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்தார். நங்கை அண்டாவில் டீ போட்டார். அன்று நானும் அண்ணனும்தான் டம்ளர்களைக் கழுவினோம். ஒரு டம்ளரை எப்படிக் கழுவுவது என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை நங்கை அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்.

வண்டியில் நிறுத்தும் பட்டன் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அது மாட்டுக் கொட்டகைக்குத் தீவனம் கொண்டுபோகிறது. பறையை எடுத்துவிட்டோம். கொட்டகை வரை புதிதாகக் கோடு இழுத்தவர் நங்கை. டப்பாவைப் பிடித்துக்கொண்டவர் யார் என்று நிலா கேட்டாள். அண்ணன்தான் என்று பதில் வந்தது.

இங்கே திரும்பி வந்து கிடங்கில் இந்தக் கதையைச் சொன்னேன். என் மேலாளர் முகம் வெளிறிவிட்டது. மனிதர் உயிரோடு சுடுகாட்டுக்குக் கிளம்பியது அவரைத் தொடவில்லை. நிறுத்தும் பட்டன் இல்லாத வண்டியா என்று நாலு முறை கேட்டார். மறுவாரம் எனக்குப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு போட்டுவிட்டார்கள். நிலா பள்ளியில் தன் பெரியப்பாவைப் பற்றிப் பேசினாள். வகுப்பில் யாரும் நம்பவில்லை. எதை நம்பவில்லை என்று கேட்டேன். யாரென்றே தெரியாத ஒருவர் சொந்தக் காசில் மாலை வாங்கிப் போட்டதைத்தான் நம்பவில்லை என்றாள். நானும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். எங்கள் குடியிருப்பில் எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் தபால் பெட்டியில் பெயர் ஒட்டியவர்கள் மட்டும்தான்.

8

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். ராசப்பனுடைய அம்மா போய்விட்டார்கள். அண்ணனுக்கும் சின்ன வயதில் அந்த வீட்டில்தான் பாதிச் சாப்பாடு.

போனீர்களா அண்ணா என்று கேட்டேன்.

போயிருக்கிறார். இத்தனை வருடமாகச் சாவு வீட்டு வாசல் மிதிக்காததால் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்ததாம். என்ன பேசுவது, எங்கே உட்காருவது, எதுவும் தெரியவில்லை. வாசலில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராசப்பன் முன்னால் போய் நின்று கையை நீட்டியிருக்கிறார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்துபோவதுதான் வழக்கம். ராசப்பன் தொடவில்லை. பிடித்துக்கொண்டார்.

"உடவே இல்ல தம்பி. பின்னால ஆளுக வரிசையா நிக்கறாங்க. ரெண்டு காலும் வலி. எனக்குச் சக்கரை வேற, ஒண்ணுக்கு முட்டிட்டு வருது. கைய எப்புடி உருவறதுன்னு தெரியல."

"அப்பறம் என்னங்கண்ணா பண்ணுனீங்க?"

பின்னால் நங்கை யாருக்கோ சோறு போடுவது கேட்டது.

"என்ன பண்றது? நின்னேன்" என்றார்.